வெயில் என்று எழுதினேன்

நெல் மகரந்தத்தில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, வல்லம் வடகால் கிராமத்தில் ஓர் அக்காவின் வயலில் பக்கத்து ஆலையின் கழிவுநீர் பாய்ந்தது. கதிரெல்லாம் பதராகிவிட்டது. பூத்த சமயத்தில் எடுத்துவைத்திருந்த மகரந்தத்தில் அயோடின் விட்டுப் பார்த்தேன். நல்ல மகரந்தம் கருக்கும். இது வெளிறியே கிடந்தது. கழிவுநீர் எட்டாத மேல்வயலின் மகரந்தம் நன்றாகக் கருத்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த ஆலைக்கு ஆலோசகர். “வெயிலால மலடாச்சுன்னு எழுதும்மா. பட்டம் வேணுமில்ல?” என்றார்.

எழுதினேன்.

அறுப்புக்கு ஒன்றுமில்லாத வயலில் நின்றுகொண்டு அக்கா கேட்டாள், “இன்னாம்மா, தண்ணிதானே கெடுத்துச்சு?”

“வெயில்க்கா” என்றேன்.

என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

பட்டமும் வேலையும் கிடைத்தன. அந்த ஆய்வேட்டை என் மாணவர்கள் கேட்டால் தருவதில்லை. அதைப் பார்த்தாலே என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.