என் பெயரில் ஒரு சைபர்

ஈரமான மாவுக்கட்டின் வாசனை எனக்கு இன்றும் பொறாமையின் வாசனைதான். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல மணக்கும் அந்தக் கட்டோடு என் அண்ணன் செல்வம், எங்கள் அப்பா நைனாவின் தோளில் ஏறி, ஆஸ்பத்திரியிலிருந்து ஊர்வலம்போல வருவான். தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில், நான் நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் அவன் மூன்று முறை கையை உடைத்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் அவனுக்கு ‘பன் பட்டர் ஜாம்’. எனக்கு அவன் கடித்து வைத்த ஓரம்.

நைனா எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓர் ஆலையில் ஃபிட்டர். அந்த ஆலை வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. தினமும் எண் ஒன்று கூடும், யாருக்காவது அடிபட்டால் மறுநாள் ‘சைபர்’. அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் நானும் அண்ணனுக்கும் எனக்கும் அப்படியொரு கணக்கு எழுத ஆரம்பித்தேன், சைபருக்குப் பக்கத்தில் காரணத்தையும் சேர்த்து. மதில், சைக்கிள், கட்டுமரம் என்று அண்ணனின் எண் ஏறி ஏறி விழுந்துகொண்டிருக்க, என் பெயருக்குக் கீழே இருநூற்றுப் பதினொன்று. ஆலையில் என்றால் கைதட்டியிருப்பார்கள். அம்மாவிடம் காட்டினேன். “கண்ணாடி கிளாசத்தான் மேல்தட்டுல வெப்பாங்க. நீ எவர்சில்வர் டம்ளர்டீ, எத்தினி வாட்டி வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது” என்றாள். பாராட்டுதான். எனக்கு அழுகை வந்தது.

ஒரு சனிக்கிழமை நைனா வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். மெஷினில் நசுங்கிய விரல். வீட்டுக் கதவிடுக்கில் மாட்டியதாக டாக்டரிடமும் ஆலையிலும் சொல்லியிருந்தார். உள்ளதைச் சொன்னால் லீவும் வைத்தியமும் கிடைக்குமே என்று அம்மா கத்தினாள்.

“இன்னும் ஆறு நாள்தான் கீது. நூறு வந்தா செக்‌ஷன்ல ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ். என்னால சைபர் ஆச்சினா அவனுங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?” என்றார் நைனா.

கத்திய அம்மாவே அவருக்குச் சோறு ஊட்டிவிட்டாள். அவரும் கண்ணாடி கிளாசாகிவிட்டார். வயிறு எரிய, கதவில் மூன்றாவதாக ‘நைனா’ என்று எழுதி, சைபர் போட்டு, காரணம் ‘மெஷின்’ என்றும் எழுதினேன்.

மறுநாள் சூப்பர்வைசர் பார்க்க வந்தார். பேசிக்கொண்டே கதவுப்பக்கம் திரும்பப் போனவரை நைனா பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் உள்ளங்கையால் கதவு முழுக்கத் தேய்த்தேன். என் இருநூற்றுச் சொச்சமும் சேர்ந்தே போயிற்று.

“இன்னாமா அழிக்கிற?”

“வூட்டுக்கணக்கு அங்கிள். தப்பாப் போட்டுட்டேன்.”

அவர் போனபிறகு நைனா இடக்கையால் சாக்பீஸை எடுத்து, கோணல்மாணலாக என் பெயரை எழுதினார். கீழே சைபர். பக்கத்தில் காரணம்: ‘நைனா’. பிறகு கடைக்குப் போய் முழு பன் பட்டர் ஜாம் ஒன்றை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அண்ணன் ஓரத்துக்குக் காத்திருந்தான். நான் கொடுக்கவில்லை.

அந்தக் கதவு இப்போது இல்லை. நூறாம் நாள் கிடைத்த ஹாட் பாக்ஸும் இல்லை. இன்றைய ஃபைபர் கட்டுகளுக்கு வாசனையே கிடையாது. ஆனாலும் கட்டுப்போட்ட பிள்ளையைத் தோளில் தூக்கிப்போகும் அப்பாக்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. நைனாவின் விரலில் நகம் திரும்ப முளைக்கவில்லை. எந்திரங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை பழுதாகின்றன என்று கணக்கெடுப்பதுதான் இன்று என் வேலை. ஆலை வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையில் பெரிய எண்ணைப் பார்த்தால், உள்ளே போனதும் முதலில் அங்கிருப்பவர்களின் நகங்களைத்தான் பார்க்கிறேன்.