மாளிகை மாதாவுக்கு ஏற்றிய மெழுகுதிரி

இத்தாலியின் பலேர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, சிக்னோரா, ஊருக்கு வெளியே இருக்கும் பழைய பிரபு மாளிகை ஒன்றைப் பார்க்க எனக்கும் கணவருக்கும் நுழைவுச்சீட்டு தந்தார். ஓர் எழுத்தாளர் கோடையைக் கழித்த மாளிகையாம். பிறகு அங்கே சினிமாவும் எடுத்தார்களாம்.

வழிகாட்டி நடன மண்டபத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சிற்றாலயத்தில் மாதா சுரூபத்தைக் கண்டேன். மாதாவைக் கண்டுவிட்டுத் திரி ஏற்றாமல் திரும்புவது எங்கள் மன்னார்ப் பழக்கமில்லை. கைப்பையில் மெழுகுதிரி எப்போதும் இருக்கும். சுரூபத்தின் காலடியில் ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளைத்தாச்சியாக இருக்கும் மகளுக்காகக் கண்ணை மூடி மன்றாடினேன்.

கருகல் மணம் வந்தது. கண்ணைத் திறந்தால், மாதாவின் நீல அங்கி பற்றி எரிகிறது! என் அலறல் கேட்டு ஓடிவந்த வழிகாட்டி, சுரூபத்தை இழுத்து நிலத்தில் போட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்தார்.

“ஐயோ, மாதாவை மிதிக்காதையுங்கோ!” என்று தமிழிலேயே கத்தினேன்.

வழிகாட்டி மூச்சிரைக்க ஏதோ சொன்னார். கணவர் என் கையைப் பிடித்தார். “இஞ்சை பாரப்பா, இது படக்காரர் கடதாசியிலை செய்து விட்டிட்டுப் போன சிலையாம்.”

கழன்று உருண்ட தலைக்குள் பழைய செய்தித்தாள்கள் தெரிந்தன. தீ இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தால் மரக்கூரை முழுவதும் போயிருக்கும்.

இப்போது எந்த ஆலயத்திலும் திரி ஏற்றுமுன், யாரும் பார்க்காத நேரத்தில் மாதாவின் பாதத்தை விரலால் தட்டிப் பார்க்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான்.