மண் இல்லை, திருமண்

என் அக்காவின் கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்தபோது எங்கள் வீட்டில் முதலில் குற்றவாளியாகப் பிடிபட்டது கண்மைதான். ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் கோயில் மதிலை ஒட்டி எங்கள் வீடு. "மை ஈஷிண்டிருக்கு பார்" என்று அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்து அக்காவின் கண்ணடியைச் சிவக்க வைத்தாள். மை போகவில்லை. அது மையே இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள் ஆனார்கள். வெள்ளரிக்காய் வில்லை, பன்னீரில் நனைத்த பஞ்சு, பாதாம் அரைத்த பால். அப்பா தன் பங்குக்கு, "கதை படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கறா" என்று பத்திரிகைகளைப் பரணில் போட்டார். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். எல்லோருக்கும் முகத்தைப் பற்றித்தான் கவலை. நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. பெண் நிதானமாக நடக்கிறாள் என்று மெச்சிக்கொண்டார்கள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அப்பா நாமம் இட்டுக்கொள்ள வைத்திருந்த திருமண் கட்டியை அக்கா கிள்ளித் தின்றாள். அந்த வெள்ளைக் களிமண்ணை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

"மழை பெஞ்ச வாசனைடி. யார்கிட்டயும் சொல்லிடாதே, என் கண்ணோல்லியோ."

பதினோரு வயதில் அக்காவின் ரகசியம் ஒன்று என் கையில் இருந்தது பெரிய பெருமை. கட்டி நாளுக்கு நாள் வேகமாகக் குறைந்தது. அப்பா எலியைத் திட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கருமை கன்னம் வரை இறங்கிய பிறகுதான் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அவர் அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் கஞ்சி நிறத்தில் வெளுத்திருந்தது.

"உடம்புல ரத்தமே இல்லைங்களேம்மா. இந்தப் பொண்ணு மண்ணு, சாம்பல்னு ஏதாச்சும் திங்குதா?"

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மண்ணா? எங்காத்துக் குழந்தைகளை அப்படியெல்லாம் வளர்க்கலை டாக்டர்."

அக்காவும் "இல்லை டாக்டர்" என்றாள். குரலில் தடுமாற்றமே இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் வெறும் மண் என்று சொன்னதில்லை. கீழே சிந்தினால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். டாக்டர் கேட்டது மண்ணை, அக்கா தின்றது திருமண்ணை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் டானிக், ஒரு பக்கம் திருமண். உடம்பு எப்படித் தேறும்? பவுடரை அப்பிப் பெண் பார்க்கும் சடங்கு முடிந்து, கல்யாணமும் நடந்தது. புக்ககத்திலும் மாமனாருக்கு ஒரு திருமண் பெட்டி இருந்தது.

மறு வருஷம் பிரசவத்துக்கு வந்து வண்டியிலிருந்து இறங்கியவளைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. முகம் முழுக்க வெளுத்து, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய குழிகள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அடிப்பார்களே என்று பயந்தேன்.

குழந்தை பிழைத்தது. பிரசவத்தில் ரத்தம் போனதை அக்காவின் உடம்பு தாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே லேடி டாக்டர், "அன்னிக்கே கேட்டேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவ ஏதாவது தின்னாளாடி? நீ பார்த்தியா?"

இந்தத் தடவை ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

"இல்லைம்மா" என்றேன். அம்மா சாகும்வரை அதை நம்பினாள்.