நீல அட்டையும் நீடில் லைனும்

கன்னையன் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓட்டியவர். மெஷின் இரைச்சலுக்குக் காதில் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடைத்தால் ஊசி முறிகிற சத்தம் கேட்காது என்று அவர் ஒருநாளும் அடைத்ததில்லை. நாலு மெஷின் தள்ளி நின்றாலும் எதில் ஊசி போனது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகத்தான் முதலாளி அப்புசாமி அவரைச் செக்கிங் மேசைக்கு ஏற்றினார்.

ஊசி ஒன்று கோணினால் துணியில் மேலிருந்து கீழே வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். நீடில் லைன் என்பார்கள். மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கன்னையன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு பீஸ்ல கோடு இருந்தா அந்தப் பீஸத் தள்ளு. எல்லாப் பீஸ்லயும் அதே எடத்துல கோடு இருந்தா, பீஸத் திட்டாத. மெஷின்ல போயிப் பாரு."

எண்பத்து மூன்றில் ஹாலந்திலிருந்து துணி வாங்க வந்த பையர் ஒருவர் அப்புசாமிக்கு ஒரு பரிசு கொடுத்தார். வாட்ச்சோ சென்ட்டோ என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே ஒரு ஜாஸ் இசைத்தட்டு. நீல அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் குழல் ஊதிக்கொண்டிருந்தார். அப்புசாமி வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதுல பாட்டே வரலீப்பா கன்னையா. ஆளாளுக்கு ஒரு பக்கம் வாசிக்கறானுங்க. உனக்குத்தான் மெஷின் சத்தமே புடிக்குமே, வெச்சுக்க."

வைத்துக்கொண்டார். கேட்பதற்குக் கருவி வேண்டுமே. மங்கலத்தில் மைக் செட் வைத்திருந்த சீனிச்சாமி அவருடைய பழைய கூட்டாளி. கல்யாணம், காதுகுத்து எல்லாம் கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மூலையில் தூசி படிந்து கிடந்த ரெக்கார்டு பிளேயரை, "எடுத்துட்டுப் போ, எடமாச்சும் மிச்சமாகும்" என்று சீனிச்சாமி தூக்கிக் கொடுத்துவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டும் கன்னையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, இரண்டாவது பாட்டு ஓடும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். குழலுக்கும் பியானோவுக்கும் அடியில் டிரம்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கம்பித் தூரிகையால் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்ஸ்... ஸ்சக்... ஸ்ஸ்... மனைவி மயிலாத்தாள் முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் அச்சு அசலாக அதுதான். இத்தனை பேர் வாசிக்கிற இடத்தில் இவ்வளவு சன்னமாக ஒருவன் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருக்கிறானே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், அப்புறம் விடவில்லை.

இன்றைக்கு எந்தப் பாட்டும் கை நீட்டினால் கிடைக்கிறது. அன்றைக்கு ஒரு ஜாஸ் தட்டு வேண்டுமென்றால் திருப்பூரிலிருந்து மூன்று பஸ் மாறிக் குன்னூர் போக வேண்டும். டீ எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்துவிட்டுப் போன துரைமார்களின் சாமான்கள் அங்கே பழைய கடைகளில் வந்து குவியும். பீங்கான் தட்டுக்கும் நரிவேட்டைப் படத்துக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினால் மாதம் ஒன்று அகப்படும். அதை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பெற்ற பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வருவார். குளிரும் தைல வாசமும் அந்த அட்டைகளில் நாலைந்து நாள் இருக்கும். அந்த வருஷங்களைப் போல இன்னும் நாலு வருஷம் எனக்குக் கொடு என்று சாமியிடம் கேட்டிருப்பார், கேட்கலாம் என்று தோன்றியிருந்தால்.

பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. நீல அட்டை, தொப்பிக்காரர், கிழிஞ்ச சிவப்பு என்று அட்டையை வைத்தே பெயர் வைத்தார். ஒரே தட்டு இந்தியாவில் அச்சடித்தது, இங்கிலாந்தில் அச்சடித்தது என்று இரண்டு விதமாக அகப்பட்டால் அவருக்குப் பண்டிகைதான். செக்கிங் நோட்டில் எழுதி வைப்பார்: 'இங்கிலாந்து: இருநூறு ஜி.எஸ்.எம்., திடம். இந்தியா: நூற்று நாற்பது, கொஞ்சம் லூஸ், ஆனால் கைக்கு மெத்து.' துணியின் கனத்தைச் சொல்கிற கணக்கு அது. சத்தத்துக்கு அதைவிட நல்ல கணக்கு அவருக்குத் தெரியாது. தட்டில் கீறல் இருந்தால், துணியில் கோளாறு காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டுவார்.

ஞாயிறு காலையில் சீனிச்சாமியும் வந்து உட்காருவார். மைக் செட்காரருக்கு எது ஊருக்கே கேட்கிறதோ அதுதான் நல்ல தட்டு. மயிலாத்தாளோ அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்வாள்: "ஏனுங்க, அந்தாளு ஊதறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுதுங்க." ஆனாலும் எழுந்து போனதில்லை. பத்து வருஷம் அந்த நீல அட்டையைக் கேட்டுக்கொண்டேதான் குழம்பு கூட்டினாள்.

தொண்ணூற்று மூன்றில், இனி ஓட்டினால் நீல அட்டை தேய்ந்துவிடும் என்று கன்னையன் அதைப் பட்டுச்சேலை மாதிரி பீரோவுக்குள் பூட்டிவிட்டார். மற்ற தட்டுகள்தான் ஓடின. தொண்ணூற்றாறில் அதே ஹாலந்துக்காரர், கன்னையனின் பைத்தியத்தைக் கேள்விப்பட்டு, சின்ன சி.டி. பிளேயர் ஒன்றும் நீல அட்டையின் புது சி.டி.யும் கொண்டுவந்து கொடுத்தார். பழைய இரைச்சலையெல்லாம் நீக்கிப் புதுப்பித்தது என்று பின்னால் எழுதியிருந்தது.

இரண்டாவது பாட்டு வந்தது. குழல் இருந்தது, பியானோ இருந்தது. புடைக்கிறவன் இல்லை.

திரும்பப் போட்டார். இல்லை. "அழுக்கத் தொவைக்கறேன்னு சாயத்தையும் சேத்துத் தொவைச்சுப்போட்டானுங்க" என்று கொதித்தார். ரிப்போர்ட் ஃபாரம் எடுத்து முறைப்படி எழுதினார். கோளாறு: டிரம் தூரிகை காணவில்லை. வகை: மேஜர். முடிவு: ரிஜெக்ட். ஹாலந்துக்காரர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு போய், இரண்டு மாதத்தில் ஜப்பானில் வந்த பதிப்பு ஒன்றும் அமெரிக்காவில் வந்தது ஒன்றும் அனுப்பிவைத்தார். இரண்டிலும் தூரிகை இல்லை. கன்னையனுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் ஒருத்தனுக்கும் கேட்காத கோளாறு தன் காதுக்குத்தான் கேட்டிருக்கிறது என்று செக்கிங் ஹால் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மூன்றையும் ரிஜெக்ட் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமியைச் சாட்சிக்கு வரவழைத்தார். "அசலப் போடறேன், கேளு. அப்பறம் தெரியும் இவுனுக பண்ணுன அநியாயம்."

மூன்று வருஷம் கழித்து நீல அட்டை வெளியே வந்தது. தட்டு சுழன்றது. முள் இறங்கியதும் கன்னையன் முகம் மலர்ந்தது. முள் உரசுகிற பழைய பொரிச்சல் சத்தம்கூட இல்லாமல் தட்டு பளிச்சென்று பாடிற்று. "பூட்டி வெச்சதுல எத்தன சுத்தமாயிருக்குது பாத்தியா" என்றார். சீனிச்சாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாவது பாட்டு வந்தது. அதிலும் தூரிகை இல்லை.

முள் தேய்ந்திருக்கும் என்று புது முள் மாற்றினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மறுபடி போட்டுக் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டார். நாலு பீஸ். நாலு ஊரில் செய்தது. நாலிலும் அதே இடத்தில் அதே கோடு.

எழுந்து நின்றார். தான் நூறு பேருக்குச் சொன்னது ஞாபகத்துக்கு வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அடுப்படி வாசலுக்குப் போனார். மயிலாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, அந்தப் பொடைக்கற சத்தம் வருதா?"

"வருதுங்களே. எப்பவும் போலத்தானுங்க வருது."

"பொரிச்சலு?"

"அதுந்தான். கடுகு வெடிக்கறாப்ல." அவள் கீரையைக் கீழே வைத்தாள். "ரண்டு வருசமா குக்கரு விசிலே உங்களுக்குக் கேக்கறதில்லீங்க. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு நானே எந்திரிச்சுப் போயி எறக்கிப் போடறனுங்க."

சீனிச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கன்னையன் நெடுநேரம் பிளேயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது. பஞ்சு வைக்காமல் பதினாறு வருஷம் பெருமைப்பட்ட காது அது. முறிந்த ஊசியையெல்லாம் அடையாளம் சொன்னது, தன் ஊசி போனதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஹாலந்துக்கு மூன்று ஃபாரம் போயிற்று. மூன்றிலும் ஒரே வாசகம்: 'சரக்கு பாஸ். கோளாறு செக்கிங்கில்.' மேசையில் கண் வேலைதானே, அதற்குப் பழுதில்லை என்று அப்புசாமி அவரை அங்கேயே வைத்துக்கொண்டார். குன்னூர் பஸ் மட்டும் நின்றது. அந்த மாதம் பிளேயர் மேல் துண்டு போட்டு மூடியே கிடந்தது.

துண்டை எடுத்தது மயிலாத்தாள்தான். ஒரு ஞாயிறு காலை, குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வந்து, நீல அட்டையை அவளே எடுத்து அவரிடம் நீட்டினாள். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போடுங்க."

"எதுக்கு, எனக்குத்தான் கேக்காதே."

"எனக்குக் கேக்குதுங்கல்ல. போடுங்க."

போட்டார். இரண்டாவது பாட்டு வந்தது. குழல் எழும்பியது, பியானோ கூடச் சேர்ந்தது. அப்போது மயிலாத்தாள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் கறை படிந்த விரல் நுனிகளால் அவர் புறங்கையில் மெல்லத் தேய்த்தாள், நிறுத்தினாள், தேய்த்தாள். குழல் ஓய்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். ஒரு இடமும் தப்பவில்லை.

கன்னையன் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் அவள் விரல் இன்னும் இரண்டு தடவை தேய்த்தது. தட்டிலும் அது அப்படித்தான் இருந்தது என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.