குதிரைக்குப் பசி வந்தது எதனால்?

எங்கள் குதிரை மறுபடியும் தின்னத் தொடங்கியது எதனால்? மூன்று மாதமாகப் பலர் கேட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். அதனால்தான் கூடுதல் வெட்கம்.

எங்களுக்கு ஒரு ஜட்கா வண்டி, ஒரு வெள்ளைக் குதிரை, ஒன்றரை வயதில் ஒரு மகள். தருமபுரி பஸ் ஸ்டாண்டு வாசலில் என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறார். குடலிறக்கம் என்று அவருக்குச் சேலத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. துணைக்கு மாமியார் போனார். குழந்தையும் குதிரையும் என் பொறுப்பு. கிளம்பும்போது குழந்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குதிரையைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார்.

காரணம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வண்டியையும் குதிரையையும் அதிகாரி முன்னால் நிறுத்தி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். குதிரை மெலிந்திருந்தால் லைசென்ஸ் கிடைக்காது. ஏற்கெனவே பஸ்கள் பெருகி சவாரி குறைந்துகொண்டிருந்தது. லைசென்ஸும் போனால் நாங்கள் செய்ய வேறு தொழில் இல்லை. அவர் வீடு திரும்புவதற்கு மறுநாள்தான் அந்தப் பார்வை நாள்.

அவர் போன நான்காம் நாள் குதிரை தீனியை நிறுத்தியது. வாளியில் வேகவைத்த கொள்ளை வைத்தால் மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் மகள் பருப்புச் சாதத்துக்குச் செய்வது அப்படியே. எனக்குத் தெரிந்த வைத்தியமும் ஒன்றுதான். "அங்க பாரு காக்கா" என்று குதிரைக்கு ஓட்டின் மேல் காக்காய் காட்டினேன். குதிரை காக்காயைப் பார்த்தது. வாளியைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். இன்றுவரை என்னைக் கண்டால் ஓட்டைப் பார்க்கிறார்கள்.

விஷயம் ஸ்டாண்டுக்குப் போனது. மூன்று வண்டிக்காரர்கள் ஒன்றாக வந்தார்கள். மூத்தவர் பெரிய மீசைக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். வாளியில் கைவிட்டு ஒரு கொள்ளை எடுத்துக் கடித்தார்.

"இது கொள்ளாம்மா? கல்லு. காரிமங்கலம் சந்தையில கெழக்கால கடைசிக் கடை. அங்க வாங்கின கொள்ளுன்னா எங்க குதிரை கட்டை அவுத்துக்கிட்டு வரும்."

"அது எப்பவும்தான் அவுத்துக்கிட்டு வருது. கட்டத் தெரியல உங்களுக்கு" என்றார் இரண்டாமவர். அவரை எல்லோரும் பாய் என்பார்கள். குனிந்து குதிரையின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். "தங்கச்சி, வாயில ஒண்ணுமில்ல. லாடம் தேஞ்சுபோய் கால் நோவுது. நோவுல யாரு சாப்பிடுவா? பாலக்கோட்டுல ஒரு லாடக்காரர் இருக்காரு. அவர் ஆணி அடிச்சா குதிரை தூங்கிடும்."

"லாடமா? பேடா அக்கா, வேண்டவே வேண்டாம்." இவர் மூன்றாமவர், ஓசூர்ப் பக்கத்து இளைஞர், கன்னடம் கலந்து கரகரவென்று பேசுவார். "வயித்துல வாயு. கடத்தூர்ல ஒரு ஆயா மருந்து உருண்டை பண்ணும். பூண்டு, மொளகு, பெருங்காயம், இன்னும் ஏதேதோ. ஒரு உருண்டை போதும். நானே ஒருக்கா தின்னு பாத்திருக்கறேன்."

"அதான் உனக்கு இந்தக் குரலா" என்றார் பாய்.

மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது: சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும். இன்றைக்குக் கொள்ளு, இரண்டு நாள் கழித்து லாடம், பிறகு உருண்டை என்று அட்டவணை போட்டேன். அட்டவணை அழகாக இருந்தது. ஆனால் காரிமங்கலத்தில் சந்தை வாரம் ஒருமுறைதான். லாடக்காரருக்கு வீட்டில் கல்யாணம். உருண்டை காய வேண்டுமாம். நாட்கள் போயின, குதிரைக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது. நான் காலையும் மாலையும் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடியதாகத் தோன்றியது.

கடைசியில் பார்வைக்கு முந்தின நாள் காலை மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மாமா கொள்ளு மூட்டையோடு வந்தார். பாய் லாடக்காரரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார். இளைஞர் பூவரச இலையில் சுற்றிய உருண்டையோடு வந்தார். தெருமுனையில் வரும்போதே வாசம் தெரிந்தது. அட்டவணைப்படி ஒன்றுதான் செய்ய வேண்டும். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குதிரையின் விலாவைப் பார்த்தேன்.

"எல்லாமே செஞ்சிடுங்க" என்றேன்.

லாடக்காரர் ஆணி அடித்தார், குதிரை தூங்கவில்லை. இளைஞர் அதன் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து உருண்டையைத் தள்ளினார். அதில் ஒரு துண்டு கீழே விழுந்தது. நான் பார்ப்பதற்குள் மகள் எடுத்து நக்கிவிட்டாள். அவள் வாயை நான்கு முறை கழுவினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நாள் முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. மாமா மட்டும் நிதானமாகப் புதுக் கொள்ளை வேகவைத்து வாளியில் கொட்டினார். குதிரை மோந்து பார்த்தது. திருப்பிக்கொண்டது.

மத்தியானப் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, வீட்டுக்குள் வராமல் நேரே குதிரையிடம் போனார்.

"ஏண்டி, திங்க மாட்டியாமே? நான் அங்க கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கறேன். உனக்கு வேகவெச்ச கொள்ளு கசக்குதா? எலும்பும் தோலுமா நின்னா நாளைக்கு உன்னப் பாத்து யாரு லைசென்ஸ் குடுப்பா?" இன்னும் சில சொன்னார், அவை அச்சில் வரக்கூடாதவை. குதிரை காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. சிறிது நேரத்தில் வாளி காலி. மறு வாளியும் காலி.

மறுநாள் அதிகாரி பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார், விலாவை அழுத்தினார். "கொஞ்சம் எளைச்சிருக்கு. ஆனா கண்ணு நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். என் கால் அப்போதுதான் தரையில் பட்ட மாதிரி இருந்தது. அவர் சும்மா போயிருக்கலாம். "ஒடம்பு சரியில்லாம இருந்துச்சாமே, என்ன குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

மூன்று வண்டிக்காரர்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, என்னைப் பார்த்தார்கள். யார் பெயரைச் சொன்னாலும் மற்ற இருவருக்கும் மனத்தாங்கல்.

"எங்க வூட்டுக்காரர் வந்துட்டாருங்க சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூவரும் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரவர் வழியில் சமாதானமாகிவிட்டார்கள். இப்போது ஸ்டாண்டில் கொள்ளுக்கும் லாடத்துக்கும் உருண்டைக்கும் எங்கள் குதிரையைத்தான் சாட்சியாகச் சொல்கிறார்கள்.

போன வாரம் கடத்தூரிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பஸ் ஏறி வந்தாள். அவர்கள் குதிரையும் தின்னவில்லையாம். அவர்களுக்கும் அந்த வண்டி ஒன்றுதான். "ஸ்டாண்டுல மூணு பேரு மூணு சொல்றாங்க அக்கா. மூணு பேருமே உங்க குதிரைக்கு அவங்கவங்க சொன்னதுதான் கேட்டுச்சுங்கறாங்க. நெசமா எது?"

என் அனுபவத்தைச் சொல்லலாம் என்றால், அவள் புருஷன் எங்கும் போகவில்லை. வீட்டிலேயே இருந்து தினமும் குதிரையைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாராம். அவரை ஊருக்கு அனுப்பி மறுபடி வரவழை என்றா சொல்வது? மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் எனக்கு. யோசித்துச் சொல்கிறேன், வியாழக்கிழமை வா என்று அனுப்பியிருக்கிறேன்.

குதிரை வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.