றோசி அக்கா செபித்த சீட்டு

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். பிந்தித்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்கம் என் வாயைக் கட்டிவைத்திருந்தது.

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை எனக்கு. மகள் படிக்க டொரண்டோ போன பிறகு வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அந்தப் பனி மாரியில் வேலைத்தலத்துப் பெண்கள் என்னைக் கசினோவுக்குக் கூட்டிப்போனார்கள். சீட்டு மேசையில் சீட்டுப் பகிர நின்றவர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து "போன்சுவா மடாம்" என்று மாலை வணக்கம் சொன்னார். சிரிக்காதீர்கள், அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன்.

கொண்டுபோன காசு முடிந்தபோது அங்கேயே கடன் தந்தார்கள். என்னை நம்பித் தருகிறார்கள் என்று பெருமைப்பட்டேன், மடைச்சி. பிறகு சம்பளம் முழுவதும் அந்தக் கடனுக்கே போனது. வாடகை நின்றது. மிஞ்சியது மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த காசு மட்டும். திங்கட்கிழமை அதையும் கொண்டுபோய், விட்டதைப் பிடிப்பதென்று முடிவுசெய்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கேட்க ஒருவருமில்லாத வீட்டில் தண்ணீரை ஏன் திறந்தேனோ தெரியாது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில், "சீட்டில மாட்டுப்பட்டுப்போனன், எனக்காகச் செபியுங்கோ" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. கூட்டத்தில் இருந்த றோசி அக்கா எங்கள் ஆட்களுக்கு மாதச் சீட்டு நடத்துபவர், அதாவது தாச்சி. அவருக்குச் சீட்டென்றால் அந்தச் சீட்டுத்தான். யாரோ ஒருத்தி என் சீட்டுக்காசோடு ஓடிவிட்டாள் என்று நினைத்து, என் தலையில் கை வைத்து உருகினார்: "ஆண்டவரே, ஓடிப்போனவளைத் திருப்பிக் கொண்டுவாரும்." நான் திருத்தவில்லை. ஆமென் என்றேன்.

திங்கட்கிழமை மகளின் காசோடு கசினோவுக்குப் புறப்பட்டுக் கதவைத் திறக்கிறேன், வாசலில் அக்கா. சப்பாத்தெல்லாம் பனி.

"பிள்ளை, சீட்டுப் பிடிச்ச தாச்சி ஆரெண்டு சொல்லும். நான் போய்க் கதைக்கிறன்."

"தாச்சி கசினோ, அக்கா. இது விளையாடுற சீட்டு."

அக்கா என் கைப்பையைப் பார்த்தார். ஏசவில்லை. கோட்டைக் கழற்றினார்.

"தேத்தண்ணி போடும். உம்மோட கொஞ்சநேரம் இருந்திட்டுப் போறன்."

உடைந்துபோனேன். என்னோடு இருக்கவென்று ஒருவர் வந்து எவ்வளவு காலம்.

காசு அன்றே மகளுக்குப் போனது. இனி என்னை உள்ளே விடவேண்டாமென்று அக்காவோடு போய்க் கசினோவில் எழுதிக் கொடுத்தேன். இப்போது சம்பளம் வந்ததும் முதலில் வாடகை, பிறகு சாப்பாடு, பிறகு பழைய கடனுக்குக் கொஞ்சம். மிச்சம் அக்காவின் சீட்டுக்கு. வீடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் தனிமை தாங்காதபோது இப்போது அக்காவுக்குப் போன் அடிக்கிறேன்.

உங்களில் யாராவது இன்று என்னைப்போல் கைப்பையோடு வாசலில் நின்றால், ஆண்டவரிடம் கேளுங்கள், ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள். எனக்காகச் செபித்தது முழுக்கப் பிழையான செபம். ஓடிப்போனவளைத் திருப்பிக் கொண்டுவாரும் என்றுதானே அக்கா கேட்டார். ஓடிப்போனவள் நான்தான். வந்துவிட்டேன்.