நார்மாவின் ஞாயிற்றுக்கிழமை

வேலை முடிந்து என் காரில் ஏறியதும் நார்மா ஹாஸ்லம் செய்யும் முதல் காரியம் ஷூவைக் கழற்றுவது. வீங்கிச் சிவந்த கால்களை நீட்டிக்கொண்டு, "பேசாத கண்ணு. அஞ்சு நிமிஷத்துக்கு யாரும் என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது" என்பாள். நானும் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டுவேன். எனக்கும் பேசத் தெம்பு இருந்ததில்லை.

பதினோரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஏஜென்சியில் வேலை பார்த்தோம். வயதானவர்களை வீடு வீடாகப் போய் எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம். அதற்குமுன் அவள் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். இங்கிலாந்தில் லங்காஷயரின் இந்த மலையடி ஊரில் முப்பது நாற்பது வயதில் இருக்கும் பாதிப்பேர் நார்மா ஊற்றிய கஸ்டர்டைத் தின்று வளர்ந்தவர்கள்தான். கடைத்தெருவில் தாடி வைத்த ஆண்கள்கூட அவளைப் பார்த்தால் வரிசையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்பார்கள்.

அவள் கணவன் டெரக் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மொரகாம்ப் ஊரில் ஒருத்தியோடு குடிபோய்விட்டான். "அழுதியா?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கு? ஒரு வாய்க்குச் சமையல் மிச்சம்" என்றாள். ஆறு நாள் ஊர் வாய்க்குப் போட்டு அலுத்தவளுக்கு ஞாயிறு பிற்பகல் மட்டும் சொந்தம். கதவைச் சாத்திவிடுவாள். போனை அணைத்துவிடுவாள். நம் ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்போல் துளைதுளையாக இருக்கும் க்ரம்பெட் இரண்டைச் சுட்டு, வெண்ணெய் துளை வழியாக இறங்கித் தட்டில் தேங்குகிற அளவுக்குத் தடவி, செங்கல் நிறத்தில் டீ போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். விரலை நக்கினால் பார்க்க ஆள் கிடையாது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழுந்திருக்கிறேன் என்று சொல்வாள்.

போன இலையுதிர்காலத்தில் எங்கள் பட்டியலில் கிளாரன்ஸ் ஆர்மராட் சேர்ந்தார். எண்பத்தெட்டு வயது, பஞ்சாலையில் தறி பழுது பார்த்தவர். மனைவி எட்னா இறந்து மூன்று வருஷம், பிள்ளைகள் இல்லை. இடுப்பு முறிந்த பிறகு அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். நாலரை மணிக்கு டீ நேரத்தில் போவோம். எந்த நாளும் அவரை டை இல்லாமல் பார்த்ததில்லை.

"மிஸ்டர் ஆர்மராட், டீயோட ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்பாள் நார்மா.

"வேண்டாம் கண்ணு, எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு முட்டை அவிக்கட்டுமா?"

"எதுக்கு உனக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? தண்ணி கொதிச்சுக்கிட்டுதான் இருக்கு."

"சரி, நீ இவ்வளவு சொல்றதால... ஒண்ணே ஒண்ணு."

ஒண்ணே ஒண்ணு என்றவர் இரண்டு முட்டையும் நான்கு துண்டு டோஸ்ட்டும் சாப்பிடுவார். இந்த ஊரில் மானமுள்ள மனிதன் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டான். அது நார்மாவுக்குத் தெரியும், எனக்கும் இந்த நாட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் பழகிவிட்டது. ஆனால் நாங்கள் போவது வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாள்களில் போன புதுப் பெண்களும் இதே ஊரில் பிறந்தவர்கள்தான். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் வேறு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருமுறை கேட்பார்கள். வேண்டாம் என்பார். சமையலறையில் இருக்கும் கோப்பில் "உணவை மறுத்தார்" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டே மாதத்தில் மனிதர் ஆறு கிலோ இளைத்துவிட்டார். சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் நுழைந்தது.

நார்மா கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "மூன்று முறை கேட்கவும்" என்று எழுதி வைத்தாள். மறுநாளே மேலாளர் கெர்ரி அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

"நார்மா, மூணு தடவை கேட்டா அதுக்குப் பேரு வற்புறுத்தல். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அது அவரோட உரிமை."

"பட்டினி கிடந்து சாகுறதா அவரோட உரிமை?"

"நீங்க பேசுற விதம் சரியில்ல."

"என் முட்டியும்தான் சரியில்ல. மாடிப்படி ஏற வச்சு இதைச் சொல்லணுமா?"

எழுதியதைக் கெர்ரி அடித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் உள்ளாட்சிக் கவுன்சிலிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. உணவை மறுப்பவரைத் தனியாக விட முடியாது, ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அதன் பிறகு முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவாகும். ஆர்மராட் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அங்க அஞ்சு மணிக்கே பைஜாமா மாட்டி விட்ருவாங்களாமே. நிஜமா, கண்ணு?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கெர்ரியின் பேனாவைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது.

அதிகாரி வரும் நாளுக்கு முந்திய நாள் பதினான்கு வீடு ஏறி இறங்கிய காலோடு நார்மா ரைஸ் புட்டிங் செய்தாள். அரிசியும் பாலும் சர்க்கரையும் கலந்து, மேலே ஜாதிக்காய் துருவிப் போட்டு, ஓவனுக்குள் இரண்டு மணி நேரம் மெல்ல வேகவிட வேண்டும். மேலே பழுப்பாக ஆடை படியும். அந்த ஆடைக்காகச் சின்ன வயதில் தினமும் அண்ணன் தம்பிகளோடு அடிதடி நடக்கும் என்று ஆர்மராட் ஒருமுறை சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை நாலரைக்கு நாங்கள் போனபோது பிலிப்பா த்வெய்ட் என்ற அந்த அதிகாரி ஏற்கெனவே வந்து, மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. முகத்தில் எங்களைப் போலவே களைப்பு. ஆர்மராட்டைத் தூக்கி மேஜைமுன் உட்கார வைத்தோம். டையை நேராக்கிக்கொண்டார்.

"நீங்க ஒரு கப் டீ எடுத்துக்குங்க," என்றார் அவளிடம்.

"நன்றி, வேண்டாம். வேலை நேரத்துல நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது."

நார்மா சூடாக்கிய புட்டிங்கைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், ஆடையைப் பார்த்தார், தொண்டை ஏறி இறங்கியது. பிறகு ஸ்பூனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அப்புறமா சாப்பிட்டுக்கறேன் கண்ணு."

பிலிப்பா எழுதினாள். நார்மா இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் பிலிப்பாவின் வெறும் கையிலேயே இருந்தது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் வேலைக்கு வருபவர்கள், எங்கள்முன் சாப்பிடலாம்; இவள் வீடு தேடி வந்தவள், சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தன் வாயைப் பார்க்க வைத்துத் தான் மட்டும் தின்பதற்கு அவர் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. எத்தனை கிலோ இளைத்தாலும் கொடுக்காது.

"ஒரு ஸ்பூன் நீங்களும் எடுத்துக்குங்கம்மா. அவருக்காக," என்று நார்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க. நான் பாக்கத்தான் வந்திருக்கேன்."

நார்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சேவைக்குப் போகிற வீட்டில் ஒரு பிஸ்கட் தின்றாலும் வேலைக்கு ஆபத்து. எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் ஆயிரம் சொல்லலாம், பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நார்மா ஏஜென்சி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ஆர்மராட், காலையிலேருந்து எதுவும் சாப்பிடல. உங்ககூட நானும் ரெண்டு வாய் சாப்பிடலாமா?"

அது பொய்யும் இல்லை. கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அந்த நீலப்பூ போட்ட தட்டை எடும்மா, எட்னாவோட நல்ல தட்டு" என்று என்னை விரட்டினார். தட்டு வந்ததும் ஸ்பூன் ஓரத்தால் ஆடையை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தார். அவள் முதல் வாய் தின்ற பிறகுதான் தானும் தொடங்கினார். பாத்திரத்தில் இருந்ததில் முக்கால்வாசி காலி. பிலிப்பா எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிலிப்பா கண்ணால் கண்டதை அப்படியே எழுதியிருந்தாள். துணைக்கு ஆள் இருந்தால் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றாள், அதனால் அவர் வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் தேவாலயக் கூடத்தில் பத்துப் பேரோடு மதியச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தாள். பணிப்பெண் உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டாள் என்பதையும் எழுதியிருந்தாள். நார்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆர்மராட் வீட்டுப் பக்கம் வேலைக்கு இனி அனுப்ப மாட்டோம் என்று கெர்ரி சொல்லிவிட்டாள். நார்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போடக்கூட அவளிடம் தெம்பு மிச்சம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, மழைத் தூறலில், பேருந்து நிறுத்தத்தில் துண்டு சுற்றிய பாத்திரத்தை அணைத்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டியை நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எங்க கிளம்பிட்ட? யாரு செத்தா?"

"ஆர்மராட் வீட்டுக்கு. ரெண்டு பஸ் மாறணும், ஏத்திக்கிட்டுப் போ."

"கெர்ரிக்குத் தெரிஞ்சா தொலைச்சுருவா!"

"நான் இப்ப அந்த வீட்டு வேலைக்காரி இல்லையே கண்ணு, விருந்தாளி. விருந்தாளி சாப்பிடக் கூடாதுன்னு அவ கோப்புல எங்கயாவது போட்டிருக்கா?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அந்த வியாழக்கிழமை ஜன்னலைப் பார்த்ததற்கு என்னால் கட்ட முடிந்த அபராதம் அதுதான். இளைத்த ஆறில் நான்கு கிலோ திரும்பிவிட்டது. சட்டைக் காலர் மறுபடி கழுத்தைப் பிடிக்கிறது என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார்.

போன வாரம் திரும்பி வரும்போது நார்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "எப்பவும் ஆடையில பெரிய பாதியை எனக்கே வச்சிர்றாரு."

"மனசு அப்படி. நல்லதுதானே?"

"சின்ன வயசுலேருந்தே எனக்கு அதைக் கண்டாலே குமட்டும்."

வண்டியை ஓரங்கட்டாத குறை. "நாலு மாசமா தின்னுக்கிட்டிருக்க! ஒரு வார்த்தை சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவரு ஸ்பூனைக் கீழ வச்சிருவாரு," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், தனக்குத்தானே பேசுவதுபோல், "அடுத்த வாரம் ஜாதிக்காயைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுப் பாக்கணும்" என்றாள்.